பேசாத குழந்தை மந்தமான குழந்தையா?

(ஆசிரியப் பயிற்சி மாணவரிடையே நிகழ்த்தப்பெற்ற உரை)

ஒடிசாவின் ராயகடா மாவட்டத்தில் ஒரு மலைச் சிற்றூரின் தொடக்கப் பள்ளியைக் கற்பனை செய்து பாருங்கள். ஒரே அறை, ஒரே ஆசிரியர், மூன்று வகுப்புகள். முதல் வகுப்புச் சிறுமி ஒருத்தி தங்கையை இடுப்பில் சுமந்தபடி வருகிறாள். ஆசிரியர் ஒடியா மொழியில் கேட்கும் எந்தக் கேள்விக்கும் அவள் வாய் திறப்பதில்லை. மந்தம் என்று முடிவு கட்டுவது எளிது. அதே சிறுமி வாரச் சந்தையில் தாயின் அருகே அமர்ந்து, கேழ்வரகு விற்ற காசை எண்ணி மீதிச் சில்லறையைப் பிசகாமல் தருகிறாள். வீட்டிலும் சந்தையிலும் தாயோடு அவள் பேசுவது குவி மொழி.

குவி திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒடியாவோ இந்திய-ஆரிய மொழி. மொழியியல் உறவை நோக்கின் அச்சிறுமி, தன் பாடநூலைக் காட்டிலும் தமிழுக்கே நெருங்கியவள்! அண்டை ஊர்களில் வழங்கும் சவரா மொழி முண்டா கிளையைச் சார்ந்தது. பல பழங்குடிச் சமூகங்கள் வாழும் அம்மாநிலத்தில் இது அரிதான நிலையன்று.

தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்தல் வேண்டும் என்னும் 350அ பிரிவு 1956-இலேயே அரசமைப்பில் இடம்பெற்றது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் பயிற்றுமொழி 'இயன்ற வரையில்' தாய்மொழியாக இருத்தல் வேண்டும் என்கிறது. அந்த 'இயன்ற வரையில்' என்பதற்குள் எத்தனை குழந்தைகள் மறைந்து போகின்றனரோ!

ஒடிசா அரசு 2006-07 முதல் குவி, குயி, சவரா, சந்தாலி உள்ளிட்ட பத்து மொழிகளில் தொடக்க வகுப்பு நூல்களை உருவாக்கத் தொடங்கியது. குவி நூல் ஒடியா எழுத்தில் அமைந்தது. குழந்தை தனக்குத் தெரிந்த சொற்களைக் கொண்டே ஒடியா எழுத்துகளையும் கற்றுவிடுகிறது. ஆயினும் ஆசிரியருக்கு அம்மொழி தெரியாவிடின் நூல் அலமாரியிலேயே உறங்கும்.

அத்தகைய ஆசிரியர் செய்யக்கூடியது ஒன்றுண்டு, மாணவராதல். நாள்தோறும் ஐந்து குவிச் சொற்களை அச்சிறுமியிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அவர் உச்சரிப்புத் தவறும்போது வகுப்பு சிரிக்கும், சிரிக்கட்டும். பேசாத குழந்தை அன்றுதான் முதன்முதலாகத் திருத்தம் சொல்ல வாய் திறக்கும். கணக்கைச் சந்தையிலிருந்து தொடங்கலாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை முதல் வகுப்பினருக்கு விளக்கம் கூறச் செய்யலாம். இரு மொழியும் அறிந்தவர்கள் அவர்களே. இலுப்பைப் பூ பொறுக்கும் பருவத்தில் வருகை குறையும். அந்நாட்களில் பெயரை நீக்குவதை விடுத்து, திரும்பி வரும் பிள்ளை விட்ட இடத்திலிருந்து தொடர வழி செய்தல் வேண்டும்.

ஆனால் ஆசிரியர் அம்மொழியைக் கற்றுத் தேற இரண்டு மூன்று ஆண்டுகளாகும். பெரும்பாலும் அப்போதுதான் மாறுதல் ஆணை வந்து சேருகிறது! புதியவர் மீண்டும் முதற்சொல்லிலிருந்து தொடங்க நேரிடுகிறது. மாறுதல் கோப்பில் பணிக்கால விவரமும் காலியிட விவரமும் உள்ளன. ஆசிரியர் எந்த மலைமொழியை அறிவார் என்பதற்கும் அதில் ஒரு கட்டம் சேர்ப்பது கல்வி அலுவலர்களுக்குக் கடினமான செயலன்று.