கயிறு பிடிக்க ஆள் வேண்டும்



சமுதாயக் கல்லூரியில் ஆன்லைன் படிப்பைத் தொடங்குவது எப்படி என்று இந்தத் தூத்துக்குடிக் கூட்டத்தில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஆன்லைன் படிப்பு என்றதுமே இங்கே பாதிப் பேருக்குக் கொரோனாக் காலம் நினைவுக்கு வந்திருக்கும். டவர் கிடைக்கவில்லை என்று பிள்ளைகள் மொட்டை மாடியில் ஏறி நின்றார்கள். ஒரே போனுக்கு அண்ணனும் தங்கையும் அடித்துக்கொண்டார்கள். வாத்தியார் பேசிக்கொண்டே இருப்பார். பையன் வருகைப் பதிவுக்கு மட்டும் "பிரசன்ட் சார்" சொல்லிவிட்டு வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பான். அதுதான் ஆன்லைன் படிப்பென்றால் அது வேண்டவே வேண்டாம் என்று உங்களோடு சேர்ந்து நானும் சொல்வேன். அது நெருக்கடியில் செய்த ஒப்பேற்றல். நான் பேச வந்தது வேறு.

முதலில் சமுதாயக் கல்லூரி என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1901-ல் ஜோலியட் என்ற ஊரில் இது தொடங்கியது. பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போக வசதியோ வாய்ப்போ இல்லாத உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஊரிலேயே ஒரு கல்லூரி என்பதுதான் எண்ணம். நம் நாட்டில் 1995-ல் புதுவைப் பல்கலைக்கழகம் ஒன்றை ஆரம்பித்தது. அடுத்த ஆண்டே சென்னை-மயிலைக் கத்தோலிக்க உயர்மறைமாவட்டம் ஒன்றைத் திறந்தது. இயேசு சபைக் குரு சேவியர் அல்போன்ஸ் இதற்கென்றே 1999-ல் சென்னையில் ஒரு மையம் அமைத்து, ஊர் ஊராகப் பரப்பினார். பிளஸ் டூவில் தோற்றவர்கள், பாதியில் படிப்பை விட்டவர்கள், கல்யாணமாகி வீட்டோடு இருந்துவிட்ட பெண்கள் ஆகியோருக்கு ஓராண்டு டிப்ளமோ. கொஞ்சம் பேச்சுப் பயிற்சி, கொஞ்சம் வாழ்க்கைக்கான பயிற்சி, மிச்சமெல்லாம் கைத்தொழில். கடைசியில் ஒரு பட்டறையிலோ ஆஸ்பத்திரியிலோ கம்பெனியிலோ நேரடி வேலைப் பழக்கம். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இந்தக் கல்லூரிகள் பலவற்றுக்கு அங்கீகாரம் கொடுத்தது. 2013-ல் பல்கலைக்கழக மானியக் குழுவும் தனியாக ஒரு திட்டம் கொண்டுவந்தது.

இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்ததைச் சொல்கிறேன். "நீ எத்தனை மார்க்?" என்று கேட்காமல் "உனக்கு என்ன வேலை தெரியணும்?" என்று கேட்கிற கல்லூரி இது. நம் நாட்டில் இந்தக் கேள்வியைக் கேட்கிற வாசல்கள் ரொம்பக் குறைவு.

இப்போது இந்த வாசலில் ஆன்லைன் வந்து நிற்கிறது. அப்போது இருந்த ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் என்பிடெல் என்ற திட்டத்தை ஆரம்பித்துப் பாடங்களை வீடியோவாக எடுத்தன. 2014-லிருந்து அதற்குப் பரீட்சையும் சான்றிதழும் வந்தன. 2017 ஜூலையில் மத்திய அரசு ஸ்வயம் என்ற பெரிய தளத்தைத் திறந்தது. பாடத்தைப் பார்க்கக் காசு கிடையாது. நான்கு வாரம், எட்டு வாரம், பன்னிரண்டு வாரம் என்று பாடங்கள் உண்டு. வாராவாரம் ஒரு அசைன்மென்ட். கடைசியில் நேரில் போய்ப் பரீட்சை எழுத வேண்டும். அதற்கு மட்டும் ஆயிரம் ரூபாய் அளவில் கட்டணம். சென்னை ஐஐடி 2020-ல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பட்டப் படிப்புக்கு ஜேஇஇ தேவையில்லை, வயது வரம்பும் இல்லை. ஒரு நிலையை முழுதாக முடித்துவிட்டு நடுவில் நிறுத்தினாலும் அந்த நிலைக்கான சான்றிதழ் கையில் வரும். துறைமுகத்தில் கன்டெய்னர் கணக்குப் பார்க்கிற தம்பி, இரவு வீட்டிலிருந்து ஐஐடி வாத்தியாரிடம் சரக்கு மேலாண்மை படிக்கலாம். நம் அப்பா காலத்தில் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

அப்படியென்றால் எல்லோரும் படித்து முடித்திருக்க வேண்டுமே? இல்லையே!

ஹார்வர்டும் எம்ஐடியும் நடத்திய இலவச ஆன்லைன் பாடங்களின் ஆறு வருஷக் கணக்கை எடுத்து இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2019-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். 2017-18-ல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர். மூன்றே பேர்! ஆனால் சான்றிதழுக்குப் பணம் கட்டிச் சேர்ந்தவர்களை மட்டும் எடுத்தால் 46 சதவீதம் பேர் முடித்திருக்கிறார்கள். பணம் கட்டினால் புத்தி வருகிறது என்று யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது. அதிலும் உண்மை இருக்கிறது. முடித்தே தீருவேன் என்று இருந்தவன்தான் பணமும் கட்டினான் என்பதும் உண்மை.

இதைவிட என்னை யோசிக்க வைத்தது இன்னொரு ஆய்வு. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்துச் சமுதாயக் கல்லூரிகளில் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் நடத்தியது. ஒரே மாணவன் வகுப்பறையில் எப்படிப் படிக்கிறான், ஆன்லைனில் எப்படிப் படிக்கிறான் என்று பார்த்தார்கள். பொதுவாக எல்லோருமே ஆன்லைனில் கொஞ்சம் சறுக்கினார்கள். அதிகமாகச் சறுக்கியது யார்? பையன்கள், சின்ன வயசுக்காரர்கள், ஏற்கெனவே மார்க் குறைந்தவர்கள், கறுப்பின மாணவர்கள். அதாவது யாருக்காகச் சமுதாயக் கல்லூரி வந்ததோ, அவர்கள்தான். படிப்பில் பழக்கப்பட்டவனை எங்கே கொண்டுபோய் விட்டாலும் படித்துவிடுவான். நம் வ.உ.சி. சிறைக்குள் உட்கார்ந்து தொல்காப்பியம் படித்தார். ஜேம்ஸ் ஆலன் எழுதிய ஆங்கிலப் புத்தகத்தைத் தமிழாக்கினார். உண்மைதான். ஆனால் அவர் சிறைக்குப் போவதற்கு முன்பே வக்கீல். அவரைப் பார்த்து எல்லோரும் தன்னந்தனியாகப் படித்துவிடலாம் என்று சொல்வது, படிப்பை விட்டுப் பத்து வருஷம் கழித்து, உப்பளத்துக்குப் போய்விட்டு வந்து நோட்டைத் திறக்கிற ஒரு தங்கைக்குச் செய்கிற அநியாயம்.

இந்தக் கடற்கரைக்காரர்களுக்கு நான் உதாரணம் தேட வேறெங்கும் போக வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் முத்துக்குளிக்கிறவன் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவான். ஒரு நிமிஷம், கூடிப்போனால் ஒன்றரை நிமிஷம், கடலடிப் பாரில் கிடக்கிற சிப்பியை வாரிப் பையில் போடுவான். மூச்சு முட்டும்போது கயிற்றை அசைப்பான். மேலே தோணியில் ஒருவன் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே இருப்பான். அசைந்த நொடியில் இழுத்துவிட வேண்டும். கயிறு பிடிக்கிறவன் மச்சானாக இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஏன்? கயிற்றை விட்டால் தாலி அறுவது அவன் அக்கா தங்கைக்கு! குளிக்கிறவன் திறமை பாதி, கயிறு பிடிக்கிறவன் கவனம் பாதி. ஆன்லைன் படிப்பில் இறங்குகிறவனுக்கு நாம் கல்லைக் கட்டி இறக்கிவிடுகிறோம். கயிறு பிடிக்க ஆள் வைக்கவில்லை. நூற்றில் மூன்று பேர் தாமாக நீந்தி மேலே வந்தால் அவர்களுக்குக் கைதட்டி மாலை போடுகிறோம். மற்ற தொண்ணூற்றேழு பேரைச் சோம்பேறி என்கிறோம்.

என் வாதம் இவ்வளவுதான்: சமுதாயக் கல்லூரி இந்த ஊரில் கயிறு பிடிக்கிற வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். பாடம் நடத்த ஐஐடி இருக்கிறது. வெல்டிங்கும் ஏசி மெக்கானிசமும் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பதும் வீடியோவில் வராது. அதற்குப் பட்டறையும் ஆஸ்பத்திரியும் வேண்டும். அதைக் கல்லூரி பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் இரண்டுக்கும் நடுவில், வாரம் ஒரு நாள் சாயங்காலம் பத்துப் பேர் ஒன்றாக உட்கார்ந்து அந்த வாரத்து வீடியோவைப் பார்த்து, புரியாததைப் பேசி, அசைன்மென்டை அங்கேயே முடித்துவிட்டு எழுந்திருக்கிற ஒரு அறை இருக்கிறதா? அதற்கு ஒரு ஆசிரியரும் வேண்டாம், முன்பே அந்தப் பாடத்தை முடித்த ஒரு அக்கா போதும்.

தொடங்குகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். இவை சின்ன விஷயங்கள்தான், ஆனால் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். ஈமெயில் முகவரி உங்களுடையதாக இருக்கட்டும். கம்ப்யூட்டர் சென்டர்காரர் தன் ஈமெயிலில் பதிந்து கொடுத்தால், ஆறு மாதம் கழித்து ஹால் டிக்கெட் அவருக்குப் போகும். கடையும் அப்போது இருக்காது. பாஸ்வேர்டை நோட்டில் எழுதி வையுங்கள். ஓடிபி வருகிற சிம் கார்டை மாற்றாதீர்கள். பெயர் ஆதாரில் இருக்கிறபடியே இருக்கட்டும், இனிஷியல் உட்பட. முதல் தடவை நான்கு வாரப் பாடமாக எடுங்கள். ஆர்வத்தில் பன்னிரண்டு வாரப் பாடம் மூன்று எடுத்தவர்கள் மூன்றையும் விட்டதுதான் நடக்கும். ஆங்கிலம் பயமென்றால், பல பாடங்களின் உரை என்பிடெலில் தமிழிலும் கிடைக்கிறது. வீடியோவுக்கு முன்னால் அதை ஒருமுறை படித்துவிடுங்கள். என்பிடெல் பாடமென்றால் பெரும்பாலும் வாராந்திர அசைன்மென்டுக்கு 25, கடைசிப் பரீட்சைக்கு 75. அசைன்மென்ட் எல்லாவற்றையும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். நல்ல மார்க் வந்தவற்றைத்தான் எடுப்பார்கள். அதனால் ஒரு வாரம் தவறிவிட்டது என்று மொத்தத்தையும் கைவிடாதீர்கள்.

இன்னொன்று, பணம் கொடுத்தால் பரீட்சை எழுதாமலே சான்றிதழ் என்று வருகிறவனை வாசலோடு அனுப்புங்கள். தொலைதூர வழியில், ஆன்லைன் வழியில் பட்டம் தருகிறோம் என்று யார் சொன்னாலும், பல்கலைக்கழக மானியக் குழு அந்தப் படிப்புக்கு அந்த வருஷத்துக்கு அனுமதி கொடுத்திருக்கிறதா என்று அதன் தளத்தில் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.

காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். டெல்லியிலும் சென்னையிலும் போடுகிற கால அட்டவணை நம் கடலைக் கேட்டுப் போடுவதில்லை. ஆனாலும் பாருங்கள், ஓரளவு பொருந்தத்தான் செய்கிறது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். வலை பின்னி, படகு பராமரித்தது போக நேரம் மிஞ்சும். ஜூலைப் பருவத்துப் பாடங்களுக்குப் பதிவு நடக்கிற காலமும் ஏறக்குறைய அதுதான். உப்பளத்தில் மழைக்கு வேலை நின்றுபோகும். ஜனவரிப் பருவத்துக்குப் பதிவு நடப்பது அந்த மழைக்காலத்தில். வேலை ஆரம்பித்த பிறகு படிப்பு இடிக்கும், மறுக்கவில்லை. விடிவதற்கு முன்னே பாத்திக்குப் போய் வெயிலில் நின்றுவிட்டு வருகிற பெண்ணிடம் ராத்திரி ஒன்பது மணிக்கு வீடியோ பார் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் வேண்டும். அந்த இரண்டு மணி நேரம் வீட்டில் அடுப்பையும் பிள்ளையையும் வேறொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே உட்கார்ந்திருக்கிற மாப்பிள்ளைமார்களே, உங்களைத்தான் சொல்கிறேன். சிரித்தால் போதாது.

"இந்த வயசில் படித்து என்ன செய்ய?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த ஊர்க் கதையே பதில். 1961-க்குப் பிறகு இங்கே முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடக்கவில்லை. ஆனால் 1973-ல் இதே தூத்துக்குடியில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பியில் முத்தை வளர்த்துக் காட்டினார்கள். தொழில் போனது, தொழிலின் அறிவு வேறு இடத்துக்கு மாறியது. அந்த ஆய்வுக்கூடத்துக்குள் குளியாட்களின் பிள்ளைகள் எத்தனை பேர் போக முடிந்தது என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வி இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. சிலாநத்தத்தில் மின்சாரக் கார் ஆலை வந்துவிட்டது. குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் எழும்புகிறது. துறைமுகம் விரிகிறது. மதிற்சுவர் கட்டுகிற வேலை நமக்கும், உள்ளே மெஷின் முன்னால் நிற்கிற வேலை வேறு யாருக்கோ என்று ஆகிவிடக் கூடாது.

பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வ.உ.சி. கல்லூரி, தூய மரியன்னை கல்லூரி, காமராஜ் கல்லூரி, மீன்வளக் கல்லூரி என்று இந்த ஊரில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. கம்ப்யூட்டர் லேப் மாலை ஐந்து மணிக்குப் பூட்டப்படுகிறது. பூட்டைத் திறந்து வாரம் ஒரு சாயங்காலம் ஊருக்குக் கொடுக்க முடியுமா என்று நிர்வாகத்திடம் பேசிப் பாருங்கள். லேப் இல்லாவிட்டால் நூலகம் இருக்கிறது, பங்குக் கோயில் மண்டபம் இருக்கிறது, பள்ளிவாசல் கூடம் இருக்கிறது. கொஞ்சம் வைஃபையும் பத்து நாற்காலியும் போதும்.

கூட்டம் முடிந்து போகும்போது வாசலில் ஒரு நோட்டு வைத்திருப்பார்கள். படிக்க வருகிறவர்கள் இடது பக்கத்தில் பெயரும் தெருவும் எழுதுங்கள். அவர்களோடு வாரம் ஒரு மணி நேரம் உட்கார ஒப்புக்கொள்கிறவர்கள், ரிட்டையர்டு வாத்தியாராக இருந்தாலும் சரி, இப்போதுதான் பட்டம் வாங்கி வேலை தேடுகிற பெண்ணாக இருந்தாலும் சரி, வலது பக்கத்தில் எழுதுங்கள். இடது பக்கத்தில் நாற்பது பெயர் வந்து வலது பக்கத்தில் நான்குகூட வரவில்லை என்றால் இந்தக் கூட்டத்தால் ஒரு பயனும் இல்லை. வலது பக்கத்தில் முதல் பெயராக என் பெயரை எழுதிவிட்டுத்தான் மேடைக்கு வந்தேன். அடுத்த பெயர் உங்களுடையதாக இருக்கட்டும்.