எச்சரிக்கும் குரலை வளர்ப்போம்



இன்று அக்டோபர் 16. 1846-ஆம் ஆண்டு இதே நாளில், பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஒரு நோயாளிக்கு ஈதர் ஆவியைக் கொடுத்து மயங்க வைத்தார். கழுத்துக் கட்டியை அறுத்தபோது அந்த மனிதர் அலறவில்லை. அதுவரை பெரும்பாலும் கையையும் காலையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டுதான் கத்தி வைத்தார்கள். அதனால்தான் இந்த நாளை உலக மயக்கவியல் நாள் என்று கொண்டாடுகிறோம்.

மார்ட்டனைத் தெரிந்த அளவுக்கு ஆலிஸ் மேகாவை நமக்குத் தெரியாது. அவர் அமெரிக்காவில் மேயோ சகோதரர்கள் என்ற அறுவை மருத்துவர்களிடம் பணியாற்றிய தாதி. முகமூடியின் மேல் ஈதரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நோயாளியிடம் ஆறுதலாகப் பேசிப் பேசியே தூங்க வைப்பார். 14,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு மயக்கம் கொடுத்தும், அந்த மயக்கத்தால் ஓர் உயிர்கூடப் போகவில்லை என்று 1906-இல் எழுதி வெளியிட்டார்.

நம் மலேசியாவில் மயக்க மருந்து கொடுப்பவர் மருத்துவர். அவர் பக்கத்தில் நிற்பவர்கள் தாதியும் உதவி மருத்துவ அதிகாரியும். நோயாளி கடைசியாக எப்போது சாப்பிட்டார், எந்த மருந்து அவருக்கு ஒவ்வாது, பொய்ப்பல் இருக்கிறதா என்று விசாரிப்பது அவர்கள். இயந்திரம் ஓடுகிறதா, சளி உறிஞ்சும் குழாய் இழுக்கிறதா, தொண்டைக்குள் பார்க்கும் கருவியின் விளக்கு எரிகிறதா என்று சோதிப்பதும் அவர்கள். அறுவை முடிந்த பிறகு மூச்சு, இரத்த அழுத்தம், நினைவு, கை கால் அசைவு, உடலில் ஆக்ஸிஜன் ஆகிய ஐந்துக்கும் மதிப்பெண் போட்டுப் பார்ப்பார்கள். பத்துக்கு ஒன்பதாவது வந்தால்தான் வார்டுக்கு அனுப்பலாம். ஆல்ட்ரெட்டே என்ற மருத்துவர் 1970-இல் வகுத்த முறையை ஒட்டிய கணக்கு இது. நிபோங் திபாலிலிருந்து வந்த பாட்டி ஒருவர் அரை மயக்கத்தில் கண் விழிக்கும்போது, "பாட்டி, முடிஞ்சிருச்சு, மூச்சை நல்லா இழுங்க" என்று தமிழில் சொல்ல ஒரு பிள்ளை அருகில் இருப்பதும் வைத்தியத்தில் சேர்ந்ததுதான்.

பெரியோர்களே, 2005-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்கிறேன். இலேன் புரோமிலி, வயது 37, இரண்டு பிள்ளைகளின் தாய். சைனஸுக்குச் சாதாரணமான ஓர் அறுவை. மயக்கம் கொடுத்ததும் மூச்சுப் பாதை அடைபட்டது. அனுபவம் மிக்க மருத்துவர்கள் குழாயைச் செலுத்தத் திரும்பத் திரும்ப முயன்றார்கள். நேரம் போய்க்கொண்டிருந்தது. ஒரு தாதி, தொண்டையில் துளையிடும் கருவிகளைக் கொண்டுவந்து, "தயாராக இருக்கிறது" என்றார். யாரும் செவிகொடுக்கவில்லை. இன்னொரு தாதி தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கை கேட்டு வைத்தார். மற்றவர்கள் பார்த்த பார்வையில் தயங்கி, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இலேன் கண் விழிக்கவே இல்லை. சில நாட்களில் இறந்தார். விமானியான அவர் கணவர் மார்ட்டின், யாரையும் பழிதீர்க்கக் கிளம்பவில்லை. அந்த அறையில் கீழ்நிலையில் இருந்தவர்களின் குரல் ஏன் எடுபடவில்லை என்ற கேள்வியைத் தம் வாழ்நாள் பணியாக்கிக்கொண்டார்.

அந்தத் தாதியருக்கு அறிவு குறைவா? இல்லை. செய்ய வேண்டியது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. "டாக்டர், நிறுத்துங்கள், இனி இதுதான் வழி" என்று உரக்கச் சொல்லும் துணிவை யாரும் அவர்களுக்குப் பழக்கித் தரவில்லை. அந்தத் துணிவு ஆபத்து வந்த நேரத்தில் புதிதாக முளைக்காது. படிக்கும் காலத்திலேயே வளர வேண்டும்.

பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். அந்த மரியாதை நல்லது. ஆனால் பேராசிரியரிடம் தன் சந்தேகத்தைக் கேட்க அஞ்சும் மாணவி, நாளை அறுவை அறையில் நிபுணரை எப்படித் தடுப்பாள்?

வேலையில் இருக்கும் தாதிக்குத் தொழிற்சங்கம் இருக்கிறது. 2024-இல் இங்கே தாதியரின் வார வேலை நேரத்தை 42 மணியிலிருந்து 45 மணியாக்கும் திட்டம் வந்தபோது சங்கங்கள் எதிர்த்துப் பேசின. அரசு அதைத் தள்ளிவைத்தது. பயிற்சியில் இருக்கும் பிள்ளைக்காகப் பேச யார் இருக்கிறார்கள்? அமெரிக்காவில் மயக்கவியல் தாதியர் சங்கத்தின் கல்விக் குழுவில் மாணவர் பிரதிநிதிக்கும் நாற்காலி உண்டு. அந்த நாற்காலியை நாமும் கேட்போம்.

பயிற்சியைத் தீர்மானிக்கும் ஒவ்வொரு குழுவிலும் மாணவர் தேர்ந்தெடுத்த ஒருவர் உட்கார வேண்டும். அவர் எழுப்பும் கேள்விக்கு எழுத்தில் பதில் வர வேண்டும். ஆள் பற்றாக்குறையை நிரப்ப மாணவரைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இரவுப் பணி பார்த்தவரை மறுநாள் காலை வகுப்பில் உட்கார வைக்கக் கூடாது. குறையைச் சொன்னவருக்கு மதிப்பெண் குறையக் கூடாது.

ஆலய நிர்வாகத்தாரே, கல்வி அறவாரியத்தாரே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். கடன் வாங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுங்கள். பினாங்குப் பாலம் தாண்டி வந்து, பின்னிரவில் பணி முடிக்கும் பிள்ளைகளுக்கு ஜார்ஜ்டவுனில் பாதுகாப்பான தங்குமிடம் ஏற்பாடு செய்யுங்கள். ஓய்வுபெற்ற தாதியரே, ஆளுக்கு ஒரு மாணவிக்குத் துணையாக நில்லுங்கள். மருத்துவமனைகளிலும் கல்லூரிகளிலும் பொறுப்பில் இருப்பவர்களே, உங்கள் அடுத்த கூட்டத்துக்கே ஒரு மாணவரை அழையுங்கள்.

நாளை நாமோ நம் வீட்டாரோ அந்த மேசையில் படுக்கும்போது, தவறு கண்டால் தயங்காமல் வாய் திறக்கும் தாதிதான் நமக்குக் காவல். அந்தக் காவலை இன்றே வளர்ப்போம்.