கண்டமாலை என்று நினைத்தோம்

(ஜூபிலி விழா மாலைக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



கோவில் கட்டிய வரலாற்றை நாம் பேச வேண்டுமென்று விழாக் குழுவினர் கேட்டார்கள். அதை இம்மலரில் நம் உபதேசியார் நம்மைவிட நன்றாக எழுதிவிட்டார். ஆகவே நாம் பிள்ளைகளின் கழுத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். சிரிக்க வேண்டாம். காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் பூசைக்கு உதவி செய்யும் சிறுவன் ஒருவனை அவன் தாய் நம்மிடம் அழைத்து வந்தாள். வயது 11. வலப்பக்கக் காறை எலும்புக்குச் சற்று மேலே நெல்லிக்காயளவு கட்டி. வலி கிடையாது. "நெறி கட்டியிருக்கு சாமி, மஞ்சளும் சுண்ணாம்பும் போட்டும் வத்தலே" என்றாள். வைத்தியரிடம் காட்டினார்கள். ஊசியால் எடுத்துப் பார்த்ததில் ஒன்றும் தெளிவாகவில்லையாம். கழுத்துக் கட்டி என்றால் நம் நாட்டில் காசநோயே மிகுதி. நம் முன்னோர் கண்டமாலை என்றது பெரும்பாலும் அதைத்தான். அதற்கான மாத்திரை தொடங்கப்பட்டது. நாமும் "ஆறு மாதம் தவறாமல் சாப்பிடட்டும், குணமாகிவிடும்" என்று அனுப்பிவைத்தோம்.

நான்கு மாதம் போயிற்று. கட்டி வளர்ந்தது. காசநோய் மருந்து உண்ணும்போதே சில பிள்ளைகளுக்குக் கட்டி முதலில் பெருத்துப் பின்னர் வற்றுவதும் உண்டு; ஏமாற்றத்துக்கு அதுவும் ஒரு வழி. பையனோ இரவில் சட்டை நனைய வியர்த்தான், மெலிந்தான், பூசை நேரத்தில் மூச்சு வாங்கினான். மதுரைக்குக் கொண்டுபோனார்கள். கட்டியை முழுதாக வெட்டி எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார் அங்குள்ள மருத்துவர். அவன் அப்பத்தா விடவில்லை. "கத்தி பட்டா உடம்பெல்லாம் பரவிடும் சாமி, நீங்களே சொல்லுங்க" என்று நம் அறைவீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். அன்றே "வெட்டட்டும் அம்மா" என்று நாம் சொல்லியிருக்க வேண்டும். செபித்துவிட்டுச் சொல்கிறோம் என்றோம். அதிலே இரண்டு வாரம் போயிற்று. அந்த இரண்டு வாரம் நம் கணக்கில் இருக்கிறது.

சோதனையில் அது காசநோயன்று, ஹாட்ஜ்கின் வகை நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்தது. தாமஸ் ஹாட்ஜ்கின் லண்டனில் 1832-ஆம் ஆண்டிலே ஏழு நோயாளிகளை வைத்து இதனை எழுதினார். அதன் அடையாள அணுவை நுண்ணோக்காடியில் தெளிவாக வரைந்து காட்டியவர்களில் ஒருவர் டாரதி ரீட் என்ற பெண்மணி, 1902-இல். ஆந்தைக் கண்போல் இரு கருக்கள் கொண்ட பெரிய அணு அது. ஒரு கட்டியில் ஆயிரமாயிரம் நல்ல அணுக்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாய் ஒளிந்திருக்கும். ஊசி நுனியில் வரும் துளியில் அது சிக்காமற் போனால் வியப்பென்ன? ஆகையால்தான் முழுக் கணுவையும் கேட்கிறார்கள். அதில் ஒரு துண்டைக் காசநோய்க் கிருமிக்கும் சோதித்துவிடலாம். வெட்டி எடுப்பதால் இந்நோய் பரவுவதில்லை. அப்பத்தாமார் இதைத் தயவுசெய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாக் கட்டிக்கும் அஞ்சவேண்டியதில்லை. தலையில் பேன் புண், சொத்தைப் பல், தொண்டை வலி, காலில் சிரங்கு, இவற்றுக்கெல்லாம் பிள்ளைகளுக்கு நெறி கட்டும். அது பெரும்பாலும் வலிக்கும். சில வாரத்தில் தணியும். வலியில்லாமல், ரப்பர் போல, நான்கு ஆறு வாரமாகியும் குறையாமல் இருப்பதே கவனிக்க வேண்டியது. காறை எலும்புக்கு மேலே வந்தால் அளவு சிறிதானாலும் காத்திருக்கலாகாது. நீடித்த காய்ச்சல், இரவு வியர்வை, எடைக்குறைவு மூன்றும் காசநோயிலும் உண்டு, இதிலும் உண்டு. கைதொட்டு இன்னதென்று தீர்ப்புச் சொல்ல வல்லுநராலும் முடியாது.

மல்லாந்து படுக்கப் பிள்ளை மூச்சுத் திணறினால், நெஞ்சுக்குள்ளும் கட்டியிருந்து மூச்சுக்குழலை அழுத்தலாம். மயக்க மருந்து கொடுக்குமுன் மார்பு எக்ஸ்ரே எடுப்பது அதற்காகத்தான். இன்னொன்று: காரணம் தெரியுமுன் ஸ்டீராய்டு கொடுத்தால் கட்டி மாயமாய்ச் சுருங்கும், வீட்டில் மகிழ்ச்சி உண்டாகும். பிறகு வெட்டிப் பார்த்தாலும் நோயின் பெயர் தெரியாமற் போகலாம்.

இதே இனத்தில் பர்க்கிட் வகை இருக்கிறது. டெனிஸ் பர்க்கிட் என்ற அயர்லாந்து அறுவை மருத்துவர் உகாண்டாவில் பிள்ளைகளின் தாடையில் கண்டு 1958-இல் எழுதினார். 1961-இல் பழைய கார் ஒன்றில் ஆப்பிரிக்காவிலே பதினாயிரம் மைல் சுற்றி, எவ்வூரில் உண்டு, எவ்வூரில் இல்லை என்று கேட்டறிந்தவர். அது மாதக்கணக்கில் அல்ல, நாட்கணக்கில் வளரும். வயிற்றிலும் வரும். அங்கே ஆறு வாரக் கணக்கு உதவாது.

நமக்கு அருகிலேயே ஒரு பெருமை உண்டு. பக்கத்துப் புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரிலிருந்து பிறந்ததே 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். பிள்ளைகளுக்கெனத் தனிப் பிரிவு அங்கே 1960-லேயே ஏற்பட்டது. டாக்டர் சாந்தா 2021 சனவரியில் மறையும்வரை மருத்துவமனை வளாகத்திலேயே வாழ்ந்தார். புற்றுநோய் என்றால் சாவு என்ற பேச்சு குழந்தைகள் விஷயத்தில் பழசாகிவிட்டது. ஹாட்ஜ்கின் நோயில், நல்ல சிகிச்சை முழுமையாகக் கிடைத்தால், பத்தில் ஒன்பது பிள்ளைகள் பிழைக்கிறார்கள். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் புற்றுநோய்ச் சிகிச்சை உண்டு. அட்டை இல்லாத வீட்டார் நாளையே ஏற்பாடு செய்யுங்கள். பஸ் செலவுக்கும் தங்கும் செலவுக்கும் நம் வின்சென்ட் தே பவுல் சபையாரிடம் கூச்சமின்றிக் கேளுங்கள்.

அந்தப் பையனுக்கு நோய் நெஞ்சுவரை இறங்கியிருந்தது. மருந்து பல சுற்று ஏற்றினார்கள். தலைமுடி கொட்டியது. அவனுக்குத் துணையாகத் தம்பியும் மொட்டையடித்துக்கொண்டான். சிகிச்சை முடிந்து ஓராண்டாகிறது. இன்று காலைப் பூசையில் மணியடித்தவன் அவன்தான். சற்று அதிகமாகவே அடித்தான். அடுத்த வாரம் மீண்டும் சோதனைக்குப் போகிறான். இம்முறை அப்பத்தா தாமே கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.