வீட்டு வைஃபைக்குப் பூட்டு இரண்டு
(பத்து காஜாவில் தகவல் அதிகாரி ஆற்றிய உரை)



2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தபோது, நம் பிள்ளைகளின் வகுப்பறை வீட்டுக்குள் வந்தது. அன்றுமுதல் ரவுட்டர் ஆடம்பரப் பொருளன்று. வீட்டின் மற்றொரு வாசல். வாசலுக்குப் பூட்டு வேண்டாமா?

வாங்கும்போது எம்.சி.எம்.சி. முத்திரையும் டபிள்யூ.பி.ஏ.3 பாதுகாப்பும் உண்டா எனக் கேளுங்கள். வீட்டின் நடுவே உயரமான இடத்தில் வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களைக் கடந்து தொலைவு செல்லும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அருகில் விரைந்து இயங்கும்.

பூட்டு இரண்டு. வைஃபை கடவுச்சொல் ஒன்று. ரவுட்டரின் அமைப்புகளைத் திறக்கும் கடவுச்சொல் மற்றொன்று. இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகின்றனர். அதைத் திறந்தவன் உங்களைப் போலி வங்கிப் பக்கத்திற்குத் திருப்பிவிட முடியும். தொழிற்சாலை தந்த சொல்லையே வைத்திருப்பது, லயம் முழுவதற்கும் ஒரே சாவி வைத்திருப்பதற்கு ஒப்பாகும்.

2018-இல் 54 நாடுகளில் ஏறத்தாழ 5 இலட்சம் கருவிகளில், பெரும்பாலும் ரவுட்டர்களில், தீய மென்பொருள் புகுந்தது. புதுப்பிக்காத மென்பொருளும் மாற்றாத கடவுச்சொல்லும் அதற்கு வழிவிட்டன.

ஆகவே, இன்றிரவே இரண்டு கடவுச்சொற்களையும் மாற்றுங்கள். ரவுட்டரின் மென்பொருளையும் புதுப்பியுங்கள். செய்யத் தெரியாவிடில், படிக்கும் பிள்ளையை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள், அதில் வெட்கமில்லை.