திடப்பொருளின் மெல்லிய குரல்
(வெள்ளி விழாச் சொற்பொழிவு)



அறிவியல் பேசுமாறு பணித்தீர்கள். அணுக்கரு காந்த ஒத்ததிர்வு என்னும் பொருளை எடுத்துக்கொள்கிறோம். பெயர் கேட்டு மருள வேண்டா. மருத்துவமனைகளில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்துக்கு அடிப்படை இதுவே.

வலிய காந்தத்தின் நடுவே ஒரு பொருளை வைத்தால், அதிலுள்ள ஹைட்ரஜன் முதலிய அணுக்களின் கருக்கள் சின்னஞ்சிறு காந்த ஊசிகளாகின்றன. தக்க வானொலி அலையைச் செலுத்தினால் அவை மறுமொழியாக ஒரு சைகை தருகின்றன. எந்த அணுவுக்கு அருகில் எந்த அணு உள்ளது என்பதை, பொருளைச் சிதைக்காமலே அச்சைகையால் அறியலாம்.

ஆயின் அச்சைகை மிக மெலிந்தது. ஊசிகளில் ஏறக்குறையப் பாதி ஒரு திசையிலும் மறுபாதி எதிர்த்திசையிலும் நின்று ஒன்றையொன்று ஈடுசெய்து விடுகின்றன. 9.4 டெஸ்லா காந்தத்தில், அறை வெப்பநிலையில், ஒரு லட்சம் ஹைட்ரஜன் கருக்களுக்கு மூன்றே மிச்சம்! நம் ராயக்கோட்டைத் தக்காளி மண்டியில் ஏலம் உச்சத்தில் இருக்கையில் ஒரு குழந்தையின் முணுமுணுப்பைக் கேட்பது போன்றது இது. திரும்பத் திரும்பக் கேட்டுக் கூட்டலாம். ஆனால் இயற்கை கறாரான வட்டிக்காரர். தெளிவு இருமடங்காக வேண்டுமெனில் நேரம் நான்கு மடங்கு. பத்து மடங்காக வேண்டுமெனில் நூறு மடங்கு. மேலும், ஒவ்வொரு முறையும் களைத்த கருக்கள் பழைய நிலைக்குத் திரும்பும்வரை காத்திருக்கவும் வேண்டும்.

நம்மூரில் ரயிலேறினால் ஓசூர் வழியாகப் போய்ச் சேரும் பெங்களூரில், இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஜி. சூரியன் 1951இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். குழாயில் நீர்மத்தை ஓடவிட்டார். களைத்த கருக்கள் நகர்ந்துபோக, களைக்காதவை அவ்விடம் வந்தன, சைகை வலுத்தது. எத்துணை எளிய சிந்தனை!

திடப்பொருள் ஓடாதே, என் செய்வது? மாத்திரை, எலும்பு, பாறை ஆகியவற்றைக் கரைத்தால் அவற்றின் கட்டமைப்பே போய்விடும். அதிலும் கார்பனைக் கேட்பது பெரும்பாடு. நூற்றில் 1.1 பங்கான கார்பன்-13 மட்டுமே பேசும். அதன் காந்த வலிமை ஹைட்ரஜனுடையதில் கால் பங்கு. களைப்பு நீங்கவும் நெடுநேரமாகும்.

வலியவரிடமிருந்து மெலியவருக்கு மாற்றும் வழியை ஹார்ட்மன், ஹான் இருவரும் 1962இல் காட்டினர். இருவகைக் கருக்களுக்கும் தனித்தனி வானொலி அலைகளைப் பொருத்தமான வலிமையில் செலுத்தினால், ஹைட்ரஜனின் ஒழுங்கு அடுத்துள்ள கருவுக்குச் செல்லும். பைன்ஸ், கிப்பி, வா மூவரும் 1970களின் தொடக்கத்தில் இதனைத் திடப்பொருளின் கார்பனுக்குப் பயன்படுத்தினர். சைகை நான்கு மடங்கு வரை உயர்ந்தது. அதாவது காலம் பதினாறில் ஒரு பங்காகிறது. பெரும்பாலும் விரைவில் களைப்பு நீங்கும் ஹைட்ரஜனுக்காக மட்டும் காத்திருப்பதால் பின்னும் மிச்சம்.

எலக்ட்ரானோ ஹைட்ரஜன் கருவினும் 658 மடங்கு வலிய காந்தம். அவ்வலிமையைக் கருவுக்குக் கடனாகப் பெறலாம் என்று 1953இல் ஓவர்ஹவுசர் என்னும் இளைஞர் சொன்னபோது பெரும் அறிஞர்களே ஐயுற்றனர். அவ்வாண்டிலேயே கார்வரும் ஸ்லிக்டரும் லித்தியம் உலோகத்தில் அதை மெய்ப்பித்தனர்! இன்று திடப்பொருளில் இணையற்ற எலக்ட்ரான் உடைய சேர்மத்தைச் சிறிது கலந்து, சுமார் கழித்தல் 173 பாகை செல்சியசுக்குக் குளிர்வித்து, நுண்ணலை செலுத்துகின்றனர். நூறு மடங்கு கிடைத்தால் ஒரு நாள் வேலை ஒன்பது நொடிக்குள் முடிகிறது; கணக்கை வீட்டில் போட்டுப் பாருங்கள்.

பட்டப்படிப்பில் இயற்பியலும் வேதியியலும் நமக்கு எட்டா என்று எண்ணி, பன்னிரண்டாம் வகுப்போடு ஓசூர்த் தொழிற்சாலைக்குச் செல்லும் பிள்ளைகளை ஆண்டுதோறும் காண்கிறோம். இளம் அறிவியல் பட்டம் முடித்து, 'ஜாம்' என்னும் நுழைவுத் தேர்வு எழுதி, அதே பெங்களூர்க் கழகத்தில் ஒருங்கிணைந்த முனைவர் பட்டப் படிப்பில் சேரலாம். அட்டவணை வகுப்பினர்க்கு அங்கு இடஒதுக்கீடும் உண்டு. விவரம் வேண்டுவோர் கூட்டம் முடிந்ததும் நம்மிடம் வருக.