மின்சூளையில் கம்பி அடிக்கடி அறுவது ஏன்?



கண்ணாடித் துண்டுகளை உருக்கி இணைத்து, தட்டும் பதக்கமும் செய்யும் கைத்தொழிலுக்கு மின்சூளை ஏற்ற சாதனம். விறகு வேண்டுவதில்லை, புகையும் இல்லை. ஆயினும் ஒரு தொல்லை உண்டு. சூடேற்றும் கம்பிச்சுருள் அறுகிறது. புதியது மாட்டினால் சில வாரங்களில் அதுவும் அறுகிறது. கண்ணாடியை மெல்ல ஆற்றும் வேளையில் இது நேர்ந்தால், சூடு சீர்கெட்டுப் பொருள்கள் விரிசல் காணும். கடன் பெற்றுத் தொழில் தொடங்கியோருக்குச் சரக்கும் போயிற்று, கூலியும் போயிற்று.

பம்புசெட் மோட்டாரில் காயில் எரிந்தால், எரிந்த காரணத்தை நீக்காமல் காயிலை மட்டும் மாற்றுவதால் பயனில்லை என்பதை உழவர் அறிவர். இங்கும் அதுவே நியாயம். கண்ணாடி இணைய ஏறத்தாழ 800 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் போதும். இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த கம்பியோ 1,300 டிகிரி வரை தாங்கவல்லது. ஆதலின் கம்பியைப் பழிப்பதற்கு முன், அது அறுந்த இடத்தைப் பார்த்தல் வேண்டும்.

முதலாவது, இணைப்புத் திருகின் அருகில் அறுந்திருந்தால், திருகு தளர்ந்திருக்கக்கூடும். தளர்ந்த இணைப்பு தானே சூடேறிக் கம்பியை எரித்துவிடும். கறுத்துப்போன திருகையும் உடன் மாற்றுக.

இரண்டாவது, அறுந்த இடத்தில் கண்ணாடிப் பொட்டு ஒட்டியிருக்கிறதா என்று காண்க. கம்பியைக் காப்பது அதன்மேல் படியும் அலுமினிய ஆக்சைடுப் படலம். உருகிய கண்ணாடி அதனை அரித்துவிடும். பள்ளத்திலுள்ள சில்லுகளையும், கண்ணாடி ஊறிய செங்கற்பகுதியையும் சுரண்டி அகற்றிய பின்னரே புதுக்கம்பி மாட்டுக.

மூன்றாவது, சுருள்கள் நெருங்கிய இடத்தில் சூடு மிகும். கம்பியைச் சீராக இழுத்துப் பொருத்துக. ஒருமுறை சுட்ட கம்பி, ஆறியபின் எளிதில் முறியும். அதனை வளைத்தல் ஆகாது.

நான்காவது, மின்னழுத்தம். அது பத்தில் ஒரு பங்கு உயர்ந்தால், கம்பி ஏற்கும் மின்திறன் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவே உயரும். 230 வோல்ட்டுக்கு அமைந்த சூளைக்கு 253 வோல்ட் பெருஞ்சுமையாகும்.

இவை அனைத்தினும் தீயது, அறுந்த முனைகளை முறுக்கி ஓட்டும் வழக்கம். முறுக்கிய இடம் மிகையாகச் சூடேறும். கம்பியின் நீளமும் குறைவதால் மின்னோட்டம் மிகும். விரைவில் மீண்டும் அறும். அதே கனமும் அதே நீளமும் உள்ள கம்பியையே மாட்டுக. மாட்டியபின் முதன்முறை வெறுஞ்சூளையை நன்கு சூடேற்றினால், காப்புப் படலம் சீராகப் படியும்.

மெயின் சுவிட்சை நிறுத்தாமல் சூளைக்குள் கை வைக்கலாகாது. உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு நில இணைப்பையும் சோதித்துக் கொள்க.

சூளையருகே ஒரு குறிப்பேடு வைத்து, கம்பி அறுந்த நாள், இடம், அன்றைய மின்னழுத்தம் ஆகியவற்றை எழுதிவருமாறு கேட்டுக்கொள்கிறோம். மூன்று முறை ஒரே இடத்தில் அறுந்ததென ஏடு காட்டுமாயின், காரணம் அங்கேயே இருக்கிறது. ஊரின் பொதுச்சூளையாயின், அவ்வேட்டைத் திங்கள்தோறும் பார்வையிடுவது பஞ்சாயத்தின் கடமையாகும். கம்பிக்குச் செலவிடும் பணம் மீந்தால், அது தொழிலாளர் கூலியாகும்.