சர்க்கரையும் ஈறும்



நன்னிலம் வட்டாரத்து ஊர்களில் இன்று சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் செய்த நல்ல காரியம் அது. ஆனால், மாத்திரையை ஒழுங்காகப் போட்டும் சர்க்கரை இறங்கவில்லையே என்று சிலர் கவலைப்படுகிறார்கள். காரணம் பல இருக்கலாம். அவற்றில் நாம் யோசிக்காத ஒன்று, ஈறு.

பல் விளக்கும்போது இரத்தம் கசிகிறதா? சூடு என்று விட்டுவிடாதீர்கள். பல்லும் ஈறும் சேருமிடத்தில் படிகிற அழுக்கில் கிருமி பெருகுகிறது. அந்த அழுக்கு நாளடைவில் காரையாக இறுகுகிறது. ஈறு வீங்கிப் பல்லை விட்டு விலகுகிறது. அடியிலுள்ள எலும்பும் கரைகிறது. பெரும்பாலும் வலி இருக்காது. பல் ஆடிய பிறகுதான் நமக்குத் தெரியவருகிறது.

இந்த வீக்கம், அதாவது அழற்சி, ஈறோடு நிற்பதில்லை. இரத்தத்தின் வழியே உடலெங்கும் பரவி, இன்சுலினைச் சரியாக வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. சர்க்கரை கூடினால் ஈறு மேலும் கெடுகிறது. ஒன்றை ஒன்று வளர்க்கும் நோய்கள் இவை. நல்ல செய்தியும் உண்டு. ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்ற சர்க்கரை நோயாளிகளுக்கு, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு ஏறத்தாழ 0.4 புள்ளி குறைந்ததாக 2022இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. மாத்திரைக்கு இது மாற்று அல்ல, துணை.

சர்க்கரைக்கு மட்டுமல்ல, இதயத்துக்கும் வாயோடு தொடர்பு உண்டு. இதய வால்வு பழுதானவர்களும் செயற்கை வால்வு பொருத்தியவர்களும் பல் பிடுங்கும் முன் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். வாய்க் கிருமி இரத்தத்தில் புகுந்து வால்வில் தங்கினால் உயிருக்கே ஆபத்து.

நடவு, களையெடுப்புக்கு நடுவே வெற்றிலை சீவல் போடும் அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. புகையிலை சேர்த்தால்தான் கெடுதல் என்று நினைக்க வேண்டாம். பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் அறிவித்துவிட்டது. இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, வாய் திறக்க முடியாத இறுக்கம் இருந்தால் உடனே காட்டுங்கள்.

காரை எடுத்தால் பல் ஆடும் என்ற பயமும் வேண்டாம். பல்லை ஆட வைப்பதே அந்தக் காரைதான். இரவில் படுக்கும் முன்னும் பல் விளக்குங்கள். அடுத்த முறை சர்க்கரை பார்க்கப் போகும்போது, "என் ஈறையும் பாருங்க டாக்டர்" என்று நீங்களே கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.